பிசிஓஎஸ் இருக்கிறது, அடிவயிறும் நோகிறது: என்ன செய்வது?

திருகோணமலை மாவட்டத்தில், குறிஞ்சாக்கேணியிலோ கிண்ணியாவிலோ ஒரு பிள்ளைக்கு மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனால், கடைசியில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு சூலகங்களும் சற்றுப் பெருத்திருப்பதாகவும், ஓரமாகச் சின்னச் சின்ன நீர்ப்பைகள் வரிசையாக இருப்பதாகவும் அறிக்கையில் எழுதியிருக்கும். அன்றைக்கே வீட்டில் பேச்சு மாறிவிடும்: "பிள்ளைக்கு வயிற்றில் கட்டியாம்." அதன்பிறகு அடிவயிற்றில் எப்போது நோவு வந்தாலும் பழி அந்தக் கட்டி மேல்தான் விழும். வேறு காரணம் உண்டா என்று யாரும் தேடமாட்டார்கள்.

தேட வேண்டும். வீட்டில் "கட்டி" என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் (PCOS, பல்நீர்ப்பைச் சூலக நோய்க்குறி) என்பது பெரும்பாலும் வலி தராத ஒரு நிலை. பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு அடிவயிறு நோகிறது என்றால், அந்த நோவுக்கென்று தனியான ஒரு காரணம் அநேகமாக இருக்கும். அதைக் கண்டுபிடித்தால், வீட்டிலேயே ஆற்றக்கூடிய நோவு எது, உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நோவு எது என்பது தெளிவாகிவிடும்.

சூலகத்தில் நடப்பது என்ன?

மாதந்தோறும் சூலகத்தில் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்தி, முழுதாக வளர்ந்து, முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் இந்த முந்துதல் பல மாதங்களில் நடப்பதில்லை. பைகள் எல்லாம் பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். ஸ்கேனில் தெரிவது அவைதான். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீற்றர் அளவே இருக்கும், பெரியது கூட ஒரு கடலைக்கு மேல் போகாது. அவை புற்றும் இல்லை, வெட்டி எடுக்க வேண்டிய கட்டியும் இல்லை. "30 நாளில் கட்டியைக் கரைக்கும்" என்று விற்கப்படும் தூள்களுக்கு அங்கே கரைப்பதற்கு ஒன்றுமே கிடையாது.

பின்னணியில் இரண்டு ஓமோன் குழப்பங்கள் உள்ளன. உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காததால், கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்த மிகுதி இன்சுலின் சூலகத்தைத் தூண்டி, ஆண் ஓமோன்களைக் கூட்டுகிறது. முகத்தில் உரோமம், விடாத பரு, தலைமயிர் உதிர்தல், மாதவிடாய் தள்ளிப்போதல் எல்லாம் இதன் விளைவு.

1935இல் சிக்காகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரு வைத்தியர்கள் 7 பெண்களிடம் இந்த நிலையை விவரித்து எழுதினார்கள். இன்று உலகில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கும் என்று கணக்கிடப்படுகிறது. இலங்கையில் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் இது 6.3 வீதமாக இருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சந்திரிகா விஜேரத்னவும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, இங்கிலாந்தில் வாழும் தெற்காசியப் பெண்களையும் வெள்ளையினப் பெண்களையும் ஒப்பிட்டது. தெற்காசியப் பெண்களிடம் அறிகுறிகள் இளவயதிலேயே தொடங்கி, கடுமையாகவும் இருந்தன. எனவே பிசிஓஎஸ் உள்ள பிள்ளை எங்கேயும் தனியாள் இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், ஒவ்வொரு தெருவிலும் அவளைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள்.

ஸ்கேன் ஒன்றை வைத்து மட்டும் பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக்கூடாது. ஒழுங்கில்லாத மாதவிடாய், ஆண் ஓமோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சூலக மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இதே அறிகுறிகளைத் தரும் தைரொயிட் கோளாறு போன்றவை இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். பருவமடைந்து 8 ஆண்டுகளுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு ஸ்கேனை ஆதாரமாகக் கொள்ளவே கூடாது என்கிறது 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி. அந்த வயதில் ஆரோக்கியமான சூலகமும் அப்படித்தான் தெரியும்.

அப்படியானால் நோவு எங்கிருந்து வருகிறது?

முதலாவது, தள்ளிப்போய் வரும் மாதவிடாய். முட்டை வெளியேறாத மாதங்களில் கர்ப்பப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். இரண்டு மூன்று மாதம் கழித்து அது உதிரும்போது இரத்தம் அதிகமாக, கட்டி கட்டியாகப் போகும். அந்தக் கட்டிகளை வெளியே தள்ளக் கர்ப்பப்பை இறுகி இறுகிப் பிசையும். தொப்புளுக்குக் கீழே நடுவில் தொடங்கி, இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும் நோவு இது. புரொஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் இந்த இறுக்கத்தைத் தூண்டுகிறது. முதல் இரண்டு நாள் கடந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இரண்டாவது, முட்டை வெளியேறும் நாளில் ஒரு பக்கமாக வரும் சிறு குத்து. சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ தானாகப் போய்விடும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை: மருந்து. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கொடுக்கப்படும் மெட்ஃபோமின், தொடக்க வாரங்களில் வயிற்றைப் பிசைந்து, வயிற்றாலே போகச் செய்யும். சாப்பாட்டோடு எடுத்தால், குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டினால், இது பெரிதும் குறையும். "வயிறு நோகிறது" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்துவதற்கு முன் டொக்டரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையும் உண்டு.

நான்காவது, கர்ப்பப்பைக்கும் சூலகத்துக்கும் சம்பந்தமே இல்லாதவை. மலச்சிக்கல், வாயு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல், குடல்வால் அழற்சி எல்லாமே அடிவயிற்றில்தான் நோகும்.

ஐந்தாவது, பிசிஓஎஸ்ஸோடு கூடவே இருக்கக்கூடிய வேறு பெண் நோய்கள். அவற்றில் முக்கியமானது எண்டோமெற்றியோசிஸ்: கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே வளரும் நோய். மாதவிடாய்க்குச் சில நாள் முன்பே தொடங்கும் நோவு, மலம் கழிக்கும்போது நோவு, கணவனோடு சேரும்போது நோவு, வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும் நோவு ஆகியவை இதன் அடையாளங்கள். "உனக்குப் பிசிஓஎஸ் இருக்கிறது, அதனால்தான்" என்ற ஒரு வரியில் இந்த நோய் பல வருடம் மறைந்துகிடக்கலாம்.

ஒரு கொப்பி, ஒரு பேனை

காரணத்தைப் பிடிக்க மிகச் சிறந்த கருவி ஒரு பழைய பாடசாலைக் கொப்பி. ஒவ்வொரு நாளும் நான்கு விடயங்களை எழுதுங்கள்: திகதி, இரத்தப்போக்கு உண்டா, நோவு எந்த இடத்தில், 10க்கு எத்தனை. அன்று வயிற்றாலே போனதா, மலச்சிக்கலா, என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் எழுதினால் படம் தெளியும். இரத்தம் போகும் நாட்களில் மட்டும் நோவு என்றால் கர்ப்பப்பைப் பிசைவு. மெட்ஃபோமின் தொடங்கிய வாரத்தில் ஆரம்பித்தது என்றால் மருந்து. மலம் போனதும் ஆறுகிறது என்றால் குடல். மாதம் முழுக்க, திகதிக்குக் கட்டுப்படாமல் நோகிறது என்றால் கட்டாயம் பரிசோதனை வேண்டும்.

மாதவிடாய் ஒழுங்கு பற்றியும் இதே கொப்பி சொல்லும். பருவமடைந்து மூன்று வருடத்துக்குப் பின், 21 நாளுக்கு முன்பே வருவதும், 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவதும், வருடத்தில் 8 தடவைக்குக் குறைவாக வருவதும் ஒழுங்கின்மை. 90 நாளாகியும் வராவிட்டால், நோவு இல்லாவிட்டாலும் வைத்தியரைப் பாருங்கள். உட்சுவர் நீண்டகாலம் உதிராமல் தடிப்பது பிற்காலத்தில் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வழி திறக்கக்கூடும்.

வீட்டில் ஆற்றும் வழிகள்

சூடு. மாதவிடாய் நோவுக்கு இதைவிட எளிதான துணை இல்லை. சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றி, அடிவயிற்றிலோ இடுப்பிலோ 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கொதிநீரை அப்படியே ஊற்றாதீர்கள். கை தாங்கும் சூடு போதும். பை இல்லாவிட்டால் இறுக மூடிய போத்தலில் சுடுநீர் ஊற்றித் துணி சுற்றிக்கொள்ளலாம். காய்ச்சலோடு வரும் நோவுக்கும், வலது பக்கம் அடியில் திடீரென்று வரும் நோவுக்கும் மட்டும் சூடு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது குடல்வாலாக இருக்கலாம்.

இஞ்சி. மாதவிடாயின் முதல் மூன்று நாள் இஞ்சி எடுத்தவர்களுக்கு நோவு குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி நல்லது, சீனியைக் குறைத்தால். கொத்தமல்லி அவித்த நீரும் வயிற்றுக்கு இதம். கறுவாவும் வெந்தயமும் இரத்தச் சீனியைச் சற்றுக் கட்டுப்படுத்த உதவலாம் என்பதற்குச் சிறு ஆதாரங்கள் உண்டு; அவை சமையலில் இருக்கட்டும், மருந்துக்குப் பதிலாக வேண்டாம். கருஞ்சீரகமும் அப்படியே. உணவில் சேரும் அளவு வேறு, கரண்டி கரண்டியாக மருந்தென்று உண்பது வேறு. சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அப்படிச் செய்யக்கூடாது.

வலிநிவாரணி. பனடோல் பலருக்குப் போதும். மெஃபனமிக் அசிட், இபுப்ரொஃபன் ஆகியவை புரொஸ்டகிளாண்டினையே குறைப்பதால் மாதவிடாய் நோவுக்குக் கூடுதலாகக் கேட்கும். நோவு தொடங்கும்போதே, சாப்பிட்ட பின் எடுத்தால்தான் முழுப் பலன். வயிற்றுப் புண், இழுப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பமாக இருக்கக்கூடியவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது.

நோன்பு காலத்தில் ஒன்று. மாதவிடாய் நாட்களில் நோன்பு பிடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வீட்டில் ஆண்கள் இருக்கிறார்கள் என்ற கூச்சத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல், மாத்திரையும் போடாமல் நோவைப் பொறுத்துக்கொள்ளும் பிள்ளைகள் பலர். தாய்மார்தான் அவர்களுக்கு ஒரு மூலையும் ஒரு கோப்பைத் தண்ணீரும் உறுதி செய்ய வேண்டும். மெட்ஃபோமின் எடுத்துக்கொண்டு நோன்பு பிடிப்பவர்கள், நேரத்தையும் அளவையும் நோன்பு தொடங்குவதற்கு முன்பே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேரைப் பார்க்கும் வழிகள்

மேலே சொன்னவை அன்றைய நோவை ஆற்றும். மாதவிடாயை ஒழுங்குக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த தடவை கட்டி கட்டியாகப் போவது குறையும். அதற்கு இன்சுலினைப் பிடிக்க வேண்டும்.

முதலில் தேத்தண்ணி. ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் மொத்தம் 8 கரண்டி, ஏறத்தாழ 32 கிராம். நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது மிக நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது பிஸ்கட்டும் பலகாரமும் சோடாவும் கணக்கில் வருவதற்கு முன்பே எல்லை தாண்டிவிட்டது. வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

அடுத்தது சோற்றுக் கோப்பை. சோறு குவியலாகவும் கறி ஓரமாகவும் இருக்கும் வழக்கத்தை மாற்றுங்கள். கோப்பையில் பாதி மரக்கறியும் இலைக்கறியும், கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, கால் பங்கு மட்டும் சோறு. தவிட்டோடு கூடிய சிவப்பரிசி, குரக்கன் பிட்டு, அவித்த கடலை, பாசிப்பயறு எல்லாம் இரத்தச் சீனியை மெதுவாக ஏற்றுபவை. கொட்டியாரக் குடாவைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்குச் சூடை, சாளை, கீரி போன்ற சிறுமீன்கள் எட்டாத பொருள் இல்லை. அவற்றில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. எருமைத் தயிரையும் சாப்பிடலாம், சீனியும் பாணியும் கொட்டாமல். பிசிஓஎஸ்ஸுக்கென்று இதுதான் உணவு என்று ஆய்வுகள் எந்த ஒன்றையும் தனியே தூக்கிப் பிடிக்கவில்லை. நீங்கள் வருடக்கணக்கில் தொடரக்கூடிய சாப்பாடே நல்ல சாப்பாடு. பட்டினி வேண்டாம்.

மூன்றாவது நடை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு. "காலையிலிருந்து வீட்டு வேலைதானே செய்கிறேன், அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு வேலை உடலைக் களைக்கச் செய்யும். இடையில் நின்று நின்று நடப்பதால் இதயத்துடிப்பைத் தொடர்ந்து உயர்த்துவது குறைவு. வெளியே நடக்க வசதியில்லாதவர்கள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வளவுக்குள்ளேயே 15 நிமிடம், அஸர் தொழுகைக்குப் பிறகு 15 நிமிடம் விறுவிறுவென்று நடக்கலாம். வாரத்தில் இரண்டு நாள், கதிரையில் இருந்து எழும்பி இருப்பதை 10 தடவை, மூன்று சுற்று செய்தால் தசை வலுக்கும். தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மாதவிடாய் நோவே குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

எடை கூடியவர்கள் 5 முதல் 10 வீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்ப ஒழுங்குபடும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 3.5 முதல் 7 கிலோ. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் தேவை. மெலிந்த பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். அவர்களை எடை குறைக்கச் சொல்லி வதைக்க வேண்டாம்.

மாத்திரை பற்றிய பயம்

மாதவிடாயை ஒழுங்குபடுத்த வைத்தியர்கள் பல வேளை ஓமோன் மாத்திரை எழுதுவார்கள். "இது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையாச்சே, கலியாணம் ஆகாத பிள்ளைக்கா?" என்று தாய்மார் பதறுவது நியாயமான பதற்றம்தான். ஆனால் இங்கே அந்த மாத்திரையின் வேலை, உட்சுவரைத் தடிக்க விடாமல் காத்து, இரத்தப்போக்கையும் நோவையும் குறைப்பது. பிற்காலத்தில் பிள்ளை பிறப்பதை அது தடுக்காது. ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், குடும்பத்தில் இரத்தக் கட்டு நோய் இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனுக்கும் இதே பயம் உண்டு. கலியாணம் ஆகாதவர்களுக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனே எடுக்கப்படும். போகும் முன் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வைத்திருந்தால் படம் தெளிவாக விழும்.

சித்த, யூனானி வைத்தியத்தை நாடுபவர்கள் பதிவுபெற்ற வைத்தியரிடம் போங்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது; முறையாகப் படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. எந்த வைத்தியரிடம் போனாலும் எடுக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரில்லாத தூள்களை இணையத்தில் வாங்க வேண்டாம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

ஒரு பக்கமாகத் திடீரென்று தாங்க முடியாத நோவும் வாந்தியும் வந்தால், சூலகம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் அந்தச் சூலகத்தைக் காப்பாற்ற முடியும்.

கலியாணமான பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது நோவு, இரத்தக் கசிவு, மயக்கம், தோள்மூட்டு நோவு வந்தால், கர்ப்பம் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். "எனக்குத்தான் எப்போதும் தள்ளிப்போகுமே" என்று இருந்துவிடாதீர்கள். பிசிஓஎஸ் இருந்தாலும் கர்ப்பம் தங்கும். ஃபார்மசியில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனையைச் செய்துபாருங்கள்.

காய்ச்சலோடு அடிவயிற்று நோவு, நாற்றத்தோடு வெள்ளைபடுதல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைவது, பிள்ளைப்பேற்றுக்காக மருந்தோ ஊசியோ எடுக்கும்போது வயிறு ஊதி மூச்சு முட்டுவது: இவை எல்லாமே அன்றைக்கே பார்க்க வேண்டியவை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். களப்புக்கு அப்பால் இருப்பவர்கள், இரவில் எந்த வழியால் அதைக் கடந்து வைத்தியசாலைக்குப் போவது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

எங்கே தொடங்குவது?

உங்கள் பகுதிக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் பேசுவதே முதல் படி. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமானவர் அல்ல அவர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் நாட்டில் 1996 முதல் இயங்குகின்றன. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் அங்கே இலவசமாகப் பார்க்கப்படும். மேலதிகப் பரிசோதனைக்குக் கிண்ணியா தள வைத்தியசாலையும், பெண்நோய் நிபுணர்களைப் பார்க்கத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையும் உள்ளன.

வைத்தியர் முன் அமரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த நோவுக்கு பிசிஓஎஸ் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? என் இரத்தச் சீனியை எப்போது சோதிக்க வேண்டும்? 90 நாளாகியும் மாதவிடாய் வராவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? கேட்கத் தயக்கமாக இருந்தால் கொப்பியில் எழுதிக் கொடுங்கள்.

தாய்மாருக்கு ஒன்று. மாதத்தில் இரண்டு நாள் பாடசாலைக்குப் போக முடியாமல் சுருண்டு படுக்கும் பிள்ளையிடம் "பொம்பிளைப் பிள்ளை என்றால் பொறுக்கத்தான் வேணும்" என்று சொல்லாதீர்கள். படிப்பைக் கெடுக்கும் அளவுக்கு வரும் நோவு சாதாரண நோவு இல்லை. அதற்குக் காரணம் உண்டு, வைத்தியமும் உண்டு. அடுத்த கிளினிக் நாள் எது என்று கேட்டு, பிள்ளையோடு நீங்களும் போங்கள்.